ஆண்டீய நாடுகள் சமூகத்திலிருந்து விலகல்

ஆண்டீய நாடுகள் சமூகம் என்பது தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத்தொடரை ஒட்டி அமைந்துள்ள நாடுகள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட வட்டார வணிகக் கூட்டமைப்பு ஆகும். 1969 இல் தொடங்கப்பட்ட இக்கூட்டமைப்பிலிருந்து இரண்டு நாடுகள் முற்றாக விலகியுள்ளன. சிலி 1976 இலும், வெனிசுவேலா 2006 இலும் வெளியேறின. பெரு 1992 இல் தன் வணிகக் கடமைகளை நிறுத்தி வைத்து, 1997 முதல் படிப்படியாக மீண்டும் ஏற்றுக்கொண்டது.

கூட்டமைப்பின் விதிகள் வணிகத்தையும் அயல்நாட்டு முதலீட்டையும் அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்துகின்றன என்பது சிலி விலகியதற்கான காரணம். ஏனைய உறுப்பு நாடுகள் தம் சந்தைகளை ஐக்கிய அமெரிக்காவுக்கு அளவுக்கு மீறித் திறந்துவிட்டன என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வெனிசுவேலா விலகியதற்கான காரணம். ஒரே உடன்படிக்கையை இரு நாடுகள் நேரெதிரான காரணங்களுக்காகக் கைவிட்டமையால், ஒரு நாடு வட்டாரத் தடையற்ற வணிக ஒப்பந்தத்திலிருந்து ஏன் விலகுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இது நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

பின்னணி

நாடுகள் தமக்கிடையே சுங்கவரியை நீக்கிக்கொள்வதில் இரண்டு முதன்மையான படிநிலைகள் உள்ளன. முதலாவது தடையற்ற வணிகப் பகுதி. இதில் உறுப்பு நாடுகள் ஒன்றன் பொருளுக்கு மற்றொன்று சுங்கவரி விதிப்பதில்லை. ஆனால் வெளிநாடுகளின் பொருட்களுக்கு எவ்வளவு வரி விதிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்கிறது. இரண்டாவது சுங்க ஒன்றியம். இதில் வெளிநாட்டுப் பொருட்களுக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரியையே விதிக்க வேண்டும். இது பொது வெளிச் சுங்கவரி எனப்படும்.

இந்த வேறுபாடு விலகல்களைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. வெறும் தடையற்ற வணிகப் பகுதியில் உள்ள நாடு தன் வெளி வணிகக் கொள்கையைத் தனியாக மாற்றிக்கொள்ள முடியும். சுங்க ஒன்றியத்தை நோக்கிச் செல்லும் கூட்டமைப்பில் அவ்வாறு செய்ய இயலாது. உறுப்பு நாடு ஒன்றில் ஆட்சியும் பொருளாதாரக் கொள்கையும் மாறும்போது, பொது விதியை மாற்றுவதா, தன் கொள்கையைக் கைவிடுவதா, வெளியேறுவதா என்ற கேள்வி அந்நாட்டின் முன் எழுகிறது.

ஆண்டீய அமைப்பு தொடக்கத்திலிருந்தே சுங்க ஒன்றியத்தைக் குறிக்கோளாகக் கொண்டிருந்தது. பொலிவியா, சிலி, கொலம்பியா, எக்குவடோர், பெரு ஆகிய ஐந்து நாடுகள் 1969 மே 26 அன்று கார்ட்டஹேனா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வெனிசுவேலா 1973 இல் இணைந்தது. அக்காலத்தில் இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் இறக்குமதிப் பதிலீடு என்னும் கொள்கையைப் பின்பற்றின. வெளிநாட்டிலிருந்து வாங்கும் தொழிற்பொருட்களை உயர்ந்த வரிச் சுவருக்குள் உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது இதன் நோக்கம். ஆனால் தனித்தனி நாடுகளின் சந்தைகள் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போதுமானவையாக இல்லை. எனவே வரிச் சுவரை ஆறு நாடுகளுக்கும் பொதுவாக எழுப்பி, அதன் உள்ளே எந்த நாடு எந்தப் பொருளை உற்பத்தி செய்வது எனப் பங்கிட்டுக்கொள்ளும் துறைசார் தொழில் திட்டங்களும் வகுக்கப்பட்டன.

அயல்நாட்டு முதலீட்டுக்கும் பொது விதி உருவாக்கப்பட்டது. 1970 டிசம்பரில் ஏற்கப்பட்ட முடிவு 24 இன்படி, அயல்நாட்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தம் முதலீட்டின் 14 விழுக்காட்டுக்கு மேல் இலாபத்தை வெளியே அனுப்ப இயலாது. வட்டாரச் சந்தையின் வரிச் சலுகையைப் பெற விரும்பும் நிறுவனங்கள் 15 ஆண்டுகளுக்குள், பொலிவியாவிலும் எக்குவடோரிலும் 20 ஆண்டுகளுக்குள், பெரும்பான்மைப் பங்குகளை உள்நாட்டவருக்கு மாற்ற வேண்டும் எனவும் அது வகுத்தது.

சிலியின் விலகல் (1976)

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் சால்வடோர் அயெந்தேயின் அரசு இராணுவப் புரட்சியால் கவிழ்க்கப்பட்டது. அகஸ்டோ பினோச்செட் தலைமையிலான இராணுவ ஆட்சி, பொருளாதாரக் கொள்கையை முற்றிலும் எதிர்த் திசையில் திருப்பியது. 1973 இல் சராசரியாக 90 விழுக்காட்டுக்கும் மேலிருந்த இறக்குமதி வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1979 இல் மோட்டார் வாகனங்கள் நீங்கலாக ஏறத்தாழ எல்லாப் பொருட்களுக்கும் ஒரே சீரான 10 விழுக்காடாக்கப்பட்டது. 1974 இல் வெளியிடப்பட்ட ஆணைச் சட்டம் 600 அயல்நாட்டு முதலீட்டாளருக்குத் தாராளமான உரிமைகளை வழங்கியது.

இக்கொள்கை முடிவு 24 உடனும், திட்டமிடப்பட்டிருந்த பொது வெளிச் சுங்கவரியுடனும் நேரடியாக மோதியது. சிலி தாழ்ந்த வரியை வேண்டியது. ஏனைய நாடுகள் தம் புதிய தொழில்களைக் காக்க உயர்ந்த வரியை வேண்டின. நீண்ட பேச்சுவார்த்தைகள் பயன் தராமையால் 1976 அக்டோபர் 30 அன்று சிலி வெளியேறியது. அதன் வெளியேற்றத்துக்கான ஏற்பாடுகள் முடிவு 102 இல் இடம்பெற்றன.

ஏறத்தாழ அதே வேளையில் ஏற்கப்பட்ட முடிவு 103, வெளியே அனுப்பக்கூடிய இலாபத்தின் வரம்பை 14 இலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. சிலி எதிர்த்த விதியை எஞ்சிய நாடுகளே தளர்த்தத் தொடங்கியிருந்தன. முடிவு 24 பின்னர் 1987 இல் மாற்றப்பட்டது. 1991 இல் ஏற்கப்பட்ட முடிவு 291 அயல்நாட்டு முதலீட்டின் மீதான பழைய கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் நீக்கியது. இவ்வாறு சிலி வெளியேறியதற்குக் காரணமான விதிகள், அது வெளியேறிய 15 ஆண்டுகளுக்குள் மறைந்தன. எனினும் சிலி முழு உறுப்பினராகத் திரும்பவில்லை. அது பல நாடுகளுடன் தனித்தனியாக ஒப்பந்தங்களைச் செய்துகொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்தது. ஐக்கிய அமெரிக்காவுடனான அதன் ஒப்பந்தம் 2004 இல் நடைமுறைக்கு வந்தது. 2006 செப்டம்பரில் சிலி ஆண்டீய சமூகத்தின் துணை உறுப்பினரானது.

பெருவின் இடைநிறுத்தம் (1992–1997)

1992 இல் அல்பெர்டோ புஜிமோரியின் ஆட்சிக்காலத்தில் பெரு, ஆண்டீயத் தடையற்ற வணிகப் பகுதி தொடர்பான தன் கடமைகளை இடைநிறுத்தியது. பெரு தன் வரி விகிதங்களைக் குறைத்து எளிமையாக்கியிருந்தது. ஏனைய நாடுகள் விரும்பிய பொது வெளிச் சுங்கவரி அமைப்பு அதற்கு ஏற்புடையதாக இல்லை. உறுப்பு நாடுகள் தம் ஏற்றுமதியாளருக்கு வழங்கிய உதவித் தொகைகளும் போட்டியைக் கெடுப்பதாக அது முறையிட்டது.

1997 இல் பெரு முழுமையாக விலகப்போவதாக அறிவித்தது. அதன் பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் இணக்கம் ஏற்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் முடிவு 414 ஏற்கப்பட்டது. இதன்படி பெரு தன் வரிகளைப் படிப்படியாக நீக்கி, 2005 இன் இறுதிக்குள் தடையற்ற வணிகப் பகுதியில் முழுமையாக இணைய வழி செய்யப்பட்டது. பொது வெளிச் சுங்கவரியை ஏற்குமாறு பெரு கட்டாயப்படுத்தப்படவில்லை. மோதலுக்குக் காரணமான விதியிலிருந்து ஓர் உறுப்பினருக்கு விலக்களிக்கக் கூட்டமைப்பு முன்வந்தால் விலகலைத் தவிர்க்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

வெனிசுவேலாவின் விலகல் (2006)

காரணங்கள்

1990களில் ஆண்டீய நாடுகள் பழைய இறக்குமதிப் பதிலீட்டுக் கொள்கையைக் கைவிட்டன. 1993 இல் பொலிவியா, கொலம்பியா, எக்குவடோர், வெனிசுவேலா ஆகியவற்றுக்கிடையே தடையற்ற வணிகப் பகுதி நடைமுறைக்கு வந்தது. 1996 இல் கையெழுத்தான துருஹியோ நெறிமுறையின் மூலம் அமைப்பு ஆண்டீய நாடுகள் சமூகம் என்ற பெயரைப் பெற்றது. 2004 ஜூலையில் ஏற்கப்பட்ட முடிவு 598, உறுப்பு நாடுகள் வெளிநாடுகளுடன் தனித்தனியாகவும் வணிக ஒப்பந்தங்களைப் பேசி முடிக்க இடமளித்தது.

இதனைப் பயன்படுத்திக் கொலம்பியாவும் பெருவும் எக்குவடோரும் ஐக்கிய அமெரிக்காவுடன் பேச்சுவார்த்தை நடத்தின. கொலம்பியா 2006 பெப்ரவரியில் பேச்சுவார்த்தையை முடித்தது. பெரு 2006 ஏப்ரல் 12 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் வெனிசுவேலாவின் குடியரசுத் தலைவர் ஊகோ சாவேஸ் தம் நாடு ஆண்டீய சமூகத்திலிருந்து விலகும் என அறிவித்தார். முறைப்படியான அறிவிப்பு ஏப்ரல் 22 அன்று வழங்கப்பட்டது.

வெனிசுவேலா முன்வைத்த காரணங்களும், அவற்றோடு சேர்ந்து செயற்பட்ட சூழ்நிலைகளும் பின்வருமாறு:

• மூன்றாம் நாட்டுப் பொருட்கள் குறித்த அச்சம். கொலம்பியா, பெரு வழியாக ஐக்கிய அமெரிக்காவின் பொருட்கள், சிறப்பாக அரசு மானியம் பெறும் வேளாண் பொருட்கள், வரியின்றி வெனிசுவேலாவுக்குள் நுழையும் எனக் கூறப்பட்டது. ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதை வரையறுக்கும் தோற்ற விதிகள் இதைத் தடுக்கும் என்பது மறுதரப்பின் வாதம். முழுமையடைந்த பொருளைப் பொறுத்தவரை இவ்வாதம் பெரிதும் சரியானது. ஆனால் அமெரிக்க மூலப்பொருளைக் கொண்டு கொலம்பியாவில் செய்யப்பட்ட பொருளையும், மலிவான அமெரிக்கப் பொருள் வந்ததால் தன் உள்நாட்டுச் சந்தையை இழந்து வெனிசுவேலாவை நாடும் கொலம்பிய உற்பத்தியையும் தோற்ற விதிகள் முழுமையாகத் தடுப்பதில்லை.

• பொதுச் சட்டத்தின் மாற்றம். ஆண்டீய சமூகத்தின் முடிவுகள் உறுப்பு நாடுகளில் நேரடியாகச் சட்டமாகும் தன்மை உடையவை. மருந்துகளின் சோதனைத் தரவுகளுக்குப் பாதுகாப்பு வழங்குவது தொடர்பான முடிவு 632, 2006 ஏப்ரல் தொடக்கத்தில் வெனிசுவேலாவின் எதிர்ப்பை மீறி ஏற்கப்பட்டது. ஏனைய நாடுகள் அமெரிக்காவுக்கு அளிக்கும் வாக்குறுதிகள் தன் நாட்டுச் சட்டத்தையும் மாற்றிவிடும் என்ற கவலைக்கு இது வலுவூட்டியது.

• மாற்றுக் கூட்டணிகள். வெனிசுவேலா 2004 இல் கியூபாவுடன் சேர்ந்து ஆல்பா என்னும் அமைப்பைத் தொடங்கியிருந்தது. பிரேசில், அர்ஜென்டினா முதலிய நாடுகளைக் கொண்ட மெர்கோசுரில் இணையவும் அது முயன்றுகொண்டிருந்தது. இணைவு நெறிமுறை 2006 ஜூலை 4 அன்று கராகஸ் நகரில் கையெழுத்தானது.

• இழப்பின் பகிர்வு. வெனிசுவேலாவின் ஏற்றுமதி வருவாயில் மிகப் பெரும்பகுதி பாறை எண்ணெயிலிருந்து கிடைத்தது. அந்த எண்ணெய் பெரும்பாலும் ஆண்டீய நாடுகளுக்கு வெளியிலேயே விற்கப்பட்டது. எனவே விலகலால் அரசின் வருவாய்க்கு உடனடிப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஆண்டீயச் சந்தையை நம்பியிருந்தவை தனியார் தொழிற்சாலைகளும் எல்லைப்புற நகரங்களுமே ஆகும்.

மெக்சிகோ, கொலம்பியா ஆகியவற்றோடு செய்துகொண்டிருந்த மூவர் குழு வணிக ஒப்பந்தத்திலிருந்தும் வெனிசுவேலா அதே ஆண்டில் விலகியது.

ஐந்தாண்டுக் கடப்பாடு

கார்ட்டஹேனா உடன்படிக்கையின் 135 ஆம் பிரிவு விலகும் முறையை வகுக்கிறது. அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்தே அந்நாட்டின் உறுப்புரிமையும் கடமைகளும் முடிவடைகின்றன. ஆயினும் வணிகத் தாராளமயமாக்கலின் கீழ் பெற்ற சலுகைகளும் அளித்த சலுகைகளும் மேலும் ஐந்து ஆண்டுகள் நீடிக்க வேண்டும். இதனால் வெனிசுவேலா கூட்டங்களிலும் நீதிமன்றத்திலும் 2006 முதலே இடம்பெறவில்லை என்றாலும், வரியற்ற வணிகம் 2011 ஏப்ரல் 22 வரை சட்டப்படி தொடர்ந்தது. தொழிற்சாலைகளும் வணிகர்களும் புதிய நிலைக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள அவகாசம் அளிப்பதே இத்தகைய விதியின் பயன்.

விளைவுகள்

வணிகம்

விலகல் அறிவிக்கப்பட்ட பின்னர் கொலம்பியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையிலான வணிகம் உடனே குறையவில்லை. மாறாக, எண்ணெய் விலை உயர்ந்திருந்த ஆண்டுகளில் அது பெருகியது. கொலம்பியாவின் ஏற்றுமதி 2008 இல் ஏறத்தாழ 600 கோடி டாலரை எட்டியது. 2010 இல் அது ஏறத்தாழ 140 கோடி டாலராக வீழ்ந்தது. ஐந்தாண்டுக் கடப்பாட்டின்படி இக்காலம் முழுவதும் சுங்கவரிச் சலுகை நடைமுறையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வீழ்ச்சிக்குக் காரணம் சுங்கவரி அன்று. கொலம்பிய இராணுவத் தளங்களை ஐக்கிய அமெரிக்கா பயன்படுத்துவது தொடர்பான ஒப்பந்தத்தை எதிர்த்து, 2009 ஜூலையில் வெனிசுவேலா உறவுகளை முடக்கியது. இறக்குமதியாளருக்கு டாலர் வழங்குவதை 2003 முதல் வெனிசுவேலா அரசே கட்டுப்படுத்தி வந்தது. 2008 முதல் மோட்டார் வாகன இறக்குமதிக்கு உரிமமும் தேவைப்பட்டது. வரி இல்லாத பொருளும் டாலரும் உரிமமும் கிடைக்காவிட்டால் எல்லையைக் கடக்க முடியாது. கூட்டமைப்பில் நீடித்திருந்தால் இத்தகைய தடைகளை எதிர்த்துப் பொதுச் செயலகத்திலும், கித்தோ நகரிலுள்ள ஆண்டீய நீதிமன்றத்திலும் முறையிட ஏற்றுமதியாளருக்கு வழி இருந்திருக்கும். விலகலால் முதலில் மறைந்தது வரிச் சலுகை அல்ல, இந்த முறையீட்டு வழியே ஆகும்.

2010 ஆகஸ்டில் இரு நாடுகளும் உறவைப் புதுப்பித்தன. 2011 நவம்பரில் குறிப்பிட்ட பொருட்களுக்கு மட்டும் சலுகை வழங்கும் பகுதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2012 இல் நடைமுறைக்கு வந்தது. விலகிய நாடும் தன் அண்டை நாட்டுடன் மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியிருப்பதை இது காட்டுகிறது.

எல்லைப்புற நகரங்கள்

கொலம்பியாவின் கூகுட்டா நகரும் வெனிசுவேலாவின் சான் அந்தோனியோ, உரேன்யா ஆகிய நகரங்களும் தாச்சிரா ஆற்றின் இரு கரைகளில் அமைந்து, ஒன்றன் சந்தையை ஒன்று நம்பி வாழ்ந்தவை. உறவு கெடும் போதெல்லாம் முதலில் பாதிக்கப்பட்டோர் இந்நகரங்களின் சிறு உற்பத்தியாளரும் சுமையுந்து ஓட்டுநரும் நாட்கூலித் தொழிலாளரும் ஆவர். 2015 ஆகஸ்டில் வெனிசுவேலா எல்லையை மூடியது. சரக்குப் போக்குவரத்துக்காக அது 2022 செப்டம்பர் 26 அன்றே மீண்டும் முறையாகத் திறக்கப்பட்டது.

சட்டங்கள்

ஆண்டீய சமூகத்தின் முடிவு 486 உறுப்பு நாடுகளின் பொதுவான தொழிற்சொத்துச் சட்டமாக விளங்கியது. அதிலிருந்து நீங்கிய வெனிசுவேலாவின் காப்புரிமை அலுவலகம், 2008 செப்டம்பரில் 1955 ஆம் ஆண்டின் பழைய தொழிற்சொத்துச் சட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. அச்சட்டம் மருந்துகளுக்கும் உணவுப் பொருட்களுக்கும் காப்புரிமை வழங்குவதில்லை. கூட்டமைப்பின் சட்டத்தை நம்பி உள்நாட்டுச் சட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்ட நாடு விலகும்போது, பழைய சட்டமே அவ்விடத்தை நிரப்பும் நிலை ஏற்படுகிறது.

புதிய கூட்டமைப்பில் வெனிசுவேலா

வெனிசுவேலா 2012 இல் மெர்கோசுரின் முழு உறுப்பினரானது. ஆனால் மெர்கோசுருக்கும் பொது வெளிச் சுங்கவரியும் பொது விதிகளும் உண்டு. அவ்விதிகளைக் குறித்த காலத்துக்குள் உள்நாட்டுச் சட்டமாக்கவில்லை என்ற காரணத்தால் 2016 டிசம்பரில் வெனிசுவேலாவின் உரிமைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2017 ஆகஸ்டில் சனநாயக நெறி மீறப்பட்டது என்ற காரணத்துக்காகவும் அது இடைநிறுத்தம் செய்யப்பட்டது.

விலகலுக்கான பொதுக் காரணங்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்தும் பிற வட்டார அமைப்புகளிலிருந்தும் விலகலுக்கான காரணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

• கொள்கை முரண்பாடு: ஆட்சி மாற்றத்தால் ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை பொது விதிகளோடு பொருந்தாமற் போதல். சிலி இதற்கு எடுத்துக்காட்டு.

• ஏனைய உறுப்பினரின் போக்கு மாறுதல்: விலகும் நாடு மாறாவிடினும், மற்றவை மூன்றாம் நாடுகளோடு செய்யும் ஒப்பந்தங்களால் அமைப்பின் தன்மை மாறுதல். வெனிசுவேலா கூறிய காரணம் இவ்வகையைச் சேர்ந்தது.

• வேறொரு கூட்டமைப்பில் சேர்தல்: ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தைத் தோற்றுவித்த நாடுகளுள் ஒன்றான ஐக்கிய இராச்சியம், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்வதற்காக 1972 இன் இறுதியில் அதைவிட்டு நீங்கியது.

• பல அமைப்புகளில் ஒருசேர இருப்பதன் சுமை: தன்சானியா 2000 இல் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையிலிருந்து விலகி, பிற ஆப்பிரிக்க அமைப்புகளில் நீடித்தது.

• அரசியல் பகை: 1969 இல் எல் சால்வடோருடன் நடந்த போரின் பின்னர், ஒண்டூராஸ் மத்திய அமெரிக்கப் பொதுச் சந்தையில் தன் பங்கேற்பை நிறுத்தியது. மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகியவை இராணுவ ஆட்சிகளின் கீழ் 2025 ஜனவரி 29 அன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகின.

நடைமுறையில் இக்காரணங்கள் ஒன்றோடொன்று கலந்தே காணப்படும். ஒப்பந்தத்தால் கிடைக்கும் நன்மை ஏற்றுமதித் தொழில்களுக்கும் நுகர்வோருக்கும் பரவலாகச் சேர்வதும், பாதிப்பு குறிப்பிட்ட சில தொழில்களிலும் பகுதிகளிலும் குவிவதும் உள்நாட்டு அரசியலில் விலகல் கோரிக்கைக்கு வலுச் சேர்க்கின்றன. விலகும்போது இந்நிலை தலைகீழாகிறது. எல்லைப்புற நகரங்களும் ஏற்றுமதித் தொழிலாளரும் இழப்பின் பெரும்பகுதியைத் தாங்க நேர்கிறது.

விலகலும் இணையாமையும்

நடைமுறையிலுள்ள ஒப்பந்தத்திலிருந்து விலகுவதையும், பேச்சுவார்த்தை நிலையிலேயே ஒதுங்கிக்கொள்வதையும் வேறுபடுத்திக் காண வேண்டும். வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் சேர்வதில்லை என இந்தியா 2019 நவம்பரில் பாங்காக்கில் அறிவித்தது. 15 நாடுகள் அதில் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. இந்தியா கையெழுத்திடாமையால் அதற்கு அறிவிப்புக் காலமோ தொடரும் கடப்பாடுகளோ இருக்கவில்லை. விலகும் நாட்டுக்கு இவை உண்டு. அறிவிப்புக் காலம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடுகிறது. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இது ஆறு மாதமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50 ஆம் பிரிவு இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது.

மீண்டும் இணைவதற்கான முயற்சி

2022 ஆகஸ்டில் லிமா நகரில் நடைபெற்ற ஆண்டீய மாநாட்டில், அப்போதைய கொலம்பியக் குடியரசுத் தலைவர் குஸ்தாவோ பெத்ரோ, சிலியும் வெனிசுவேலாவும் மீண்டும் இணைய வேண்டும் எனக் கோரினார். சிலியின் வெளியேற்றத்துக்குக் காரணமான முதலீட்டு விதிகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே நீக்கப்பட்டிருந்தன. பொது வெளிச் சுங்கவரியைப் பின்பற்றும் கட்டாயமும் 2015 இல் கைவிடப்பட்டிருந்தது. வெனிசுவேலா எதிர்த்த அமெரிக்க ஒப்பந்தங்களோ பெருவில் 2009 முதலும் கொலம்பியாவில் 2012 முதலும் நடைமுறையில் உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

• கார்ட்டஹேனா உடன்படிக்கை
• மெர்கோசுர்
• சுங்க ஒன்றியம்
• தோற்ற விதிகள்
• இறக்குமதிப் பதிலீடு